விரலுக்கும் போர்டுக்கும் நடுவே

பழைய வீடியோ கேம் பெட்டியின் பின்கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று, ஆட்டத்தை நடத்தும் மின்னணுப் பலகை. கேம் கடைக்காரர்களுக்கு அது ‘போர்டு’. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. தூசும் ஈரமும் அண்டாமல் வைத்திருந்தால் முப்பது வருடம் கழித்தும் ஓடக்கூடியது. இன்னொன்று, ஆடுகிறவரின் கை படும் பக்கம்: ஜாய்ஸ்டிக், பட்டன், திருகும் குமிழ், உருட்டும் பந்து. இங்கே எல்லாம் அசைகிறது, ஒன்றையொன்று உரசுகிறது. அதனால் எல்லாம் தேய்கிறது.

இந்த அத்தியாயம் அந்தத் தேய்மானத்தைப் பற்றியது. எந்த இயந்திரமும் வெளியுலகைத் தொடுகிற இடத்தில்தான் முதலில் தேயும். அந்தத் தேய்மானத்தை எந்தப் பாகம் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது நல்ல வடிவமைப்பு. அந்தத் தீர்மானம் என்னவென்று கண்டுபிடித்து அதை மதிப்பது நல்ல பழுதுபார்ப்பு. ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தால் இந்த உண்மையைக் கையில் எடுத்துப் பார்த்த மாதிரி இருக்கும்.

திருவிழாத் திடலில் ஒரு கணக்கு

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரை மாதம் கௌமாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் கோயிலில் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், தீச்சட்டி எடுக்கிறவர்கள், ஆயிரங்கண் பானை செலுத்துகிறவர்கள் என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் அங்கே வந்து சேரும். கூட்டம் இரவிலும் கலையாது. கோயிலைச் சுற்றி ராட்டினங்கள் நிற்கும். மனிதக் கை ஓய்வில்லாமல் படுகிற இயந்திரங்களுக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்கூடம் கிடைக்காது. அதனால் இந்த அத்தியாயத்தின் கணக்குகளை வீரபாண்டித் திடலில் வைத்தே போட்டுப் பார்ப்போம்.

எந்தப் பெட்டியை அங்கே நிறுத்தலாம்? 1990-களில் காசோ டோக்கனோ போட்டு ஆடிய தலைமுறையைக் கேட்டால் ‘முஸ்தபா’ என்பார்கள். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் உண்மையான பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அதில் தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு வீரர்களில் ஒருவர் முஸ்தபா கெய்ரோ. அவர் பெயரே இந்தியாவில் ஆட்டத்தின் பெயராகிவிட்டது. ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பட்டன்: ஒன்று அடிக்க, ஒன்று குதிக்க.

அடிக்கும் பட்டனை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆட்டம் சூடுபிடித்தால் விநாடிக்கு 3 முறை அமுக்குவது சாதாரணம். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் பெட்டி ஓய்வில்லாமல் ஓடுவதாக வைத்தால் 1,08,000 அமுக்கல்கள். திருவிழாவின் எட்டு நாளுக்கு 8,64,000. இத்தகைய பட்டன்களுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிட்சின் இயந்திர ஆயுள் பொதுவாக ஒரு கோடி அமுக்கல் என்ற அளவில் சொல்லப்படும். கேட்கும்போது பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்குப்படி பன்னிரண்டாவது திருவிழா முடிவதற்குள் அந்த ஆயுள் தீர்ந்துவிடும்.

தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நடப்பதும் இல்லை. முஸ்தபா போன்ற ஆட்டங்களில் கதை இடமிருந்து வலமாக நகர்கிறது. வீரன் பெரும்பாலான நேரம் வலப்பக்கம்தான் போகிறான். எனவே ஜாய்ஸ்டிக்கின் நான்கு சுவிட்சுகளில் வலப்பக்கச் சுவிட்ச் முதலில் களைப்படையும். டைட்டோ நிறுவனத்தின் 1978-ஆம் வருட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் இடமும் வலமும் மட்டுமே உண்டு. நாம்கோவின் 1980-ஆம் வருட ‘பேக்-மேன்’ ஆட்டத்தில் நான்கு திசையும் ஏறக்குறைய சமமாக உழைக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு ஜாய்ஸ்டிக்கின் தேய்மானத்தைப் பார்த்தே அந்தப் பெட்டியில் எந்த மாதிரி ஆட்டம் ஓடியது என்று ஊகித்துவிடலாம்.

ஐந்து வோல்ட் சொல்லும் சேதி

பட்டனை அமுக்கினால் போர்டுக்கு என்ன போய்ச் சேருகிறது? நம்மில் பலரும் மின்சாரம் போகிறது என்று நினைப்போம். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறானது. போர்டு தன் ஒவ்வொரு உள்ளீட்டுக் கம்பியையும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டில் நிறுத்தி வைத்திருக்கிறது. பட்டனை அமுக்கினால் அந்தக் கம்பி பூமி இணைப்போடு சேர்ந்து 0 வோல்ட்டுக்கு இறங்குகிறது. ‘இறங்கிவிட்டது’ என்பதுதான் சேதி. ஜப்பானிய கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர்கள் சங்கம் 1985-இல் வகுத்த ‘ஜம்மா’ என்ற பொதுத் தரம், 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பானில் படம், ஒலி, மின்சாரம், பட்டன் எல்லாவற்றையும் அடக்கியது. ஒரு போர்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினால் அதே பெட்டியில் வேறு ஆட்டம். பெட்டியும் ஜாய்ஸ்டிக்கும் மாறாமல் இருக்க, ஆட்டங்கள் மட்டும் வந்து போக முடிந்தது இதனால்தான். கைப்பக்கம் போர்டைவிட அதிகமாக உழைத்ததற்கும் இதுவே காரணம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. போர்டின் மின்தடை 1,000 ஓம் என்று கொள்வோம். புதிய சுவிட்சின் தொடுமுனையில் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. அமுக்கினால் கம்பியில் மின்னழுத்தம் ஏறத்தாழ பூஜ்யம். சுவிட்ச் பழசாகித் தடை 50 ஓமாக ஏறினால் மின்னழுத்தம் கால் வோல்ட் அளவுக்கு வரும். போர்டில் இருக்கும் பழைய வகை லாஜிக் சில்லுகள் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதையெல்லாம் ‘அமுக்கியாயிற்று’ என்றே எடுத்துக்கொள்ளும். ஆக 50 ஓமிலும் எந்த வித்தியாசமும் தெரியாது. 100 ஓமிலும் தெரியாது. 190 ஓமைத் தாண்டும்போதுதான் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டைக் கடந்து, எந்தப் பக்கமும் உறுதியில்லாத இடைவெளிக்குள் நுழைகிறது. அங்கிருந்து பட்டன் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது.

“நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்று பெட்டிக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தேய்மானம் வருடக்கணக்கில் மெல்ல ஏறியது. டிஜிட்டல் சுற்று அதை எல்லை வரும்வரை மறைத்தது. பழுது திடீரென்று வந்தது போலத் தோன்றுவது அந்த மறைப்பினால்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலியில் வைத்துச் சோதிப்பது போதாது. ஓம் அளவில் வைத்து, பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, போர்டிலிருந்து இணைப்பானைக் கழற்றிவிட்டு, பட்டனை மெதுவாக அமுக்கிப் பிடித்து எண்ணைப் பார்க்க வேண்டும். எண் ஒரு ஓமுக்குக் கீழே உறுதியாக நின்றால் சுவிட்ச் நலம். 20, 70, 12 என்று தாவினால் அது இன்றைக்கு வேலை செய்தாலும் அடுத்த திருவிழா வரை தாங்காது.

தகரத் தவளையும் மைக்ரோ சுவிட்சும்

திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளை பொம்மையைப் பலரும் அமுக்கி விளையாடியிருப்போம். அடியில் இருக்கும் வளைந்த தகடு ஒரு அளவு வரை அழுத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, பிறகு ‘டக்’ என்று மறுபக்கம் புரளும். கையை எடுத்தால் மறுபடி ‘டக்’. மைக்ரோ சுவிட்சுக்குள் நடப்பதும் இதே இயற்பியல்தான். வளைத்து வைக்கப்பட்ட ஒரு மெல்லிய உலோகப் பட்டை, தன் சமநிலைப் புள்ளியைக் கடந்த கணத்தில் தானாகவே மறுபக்கத்துக்குத் துள்ளுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் நகரில் பர்ஜஸ் பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்த மெக்கால் 1932-இல் இந்தத் துள்ளல் சுவிட்சை உருவாக்கினார்.

துள்ளல் எதற்கு? விரலின் வேகம் ஆளுக்கு ஆள், கணத்துக்குக் கணம் மாறும். துள்ளல் இருந்தால் நீங்கள் மெதுவாக அமுக்கினாலும் வேகமாக அமுக்கினாலும் தொடுமுனைகள் ஒரே வேகத்தில் மோதும், ஒரே வேகத்தில் பிரியும். வீட்டு மின்சாரத்தில் இது தீப்பொறியைக் குறைக்கும். கேம் பெட்டியில் வேறொரு நன்மை உண்டு. சுவிட்ச் ‘ஆன்’ ஆகும் இடமும் ‘ஆஃப்’ ஆகும் இடமும் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். அந்த இடைவெளி இருப்பதால் நடுங்கும் விரல் எல்லைக்கோட்டில் நின்று பத்து முறை தட்டியதாகப் போர்டு தவறாக எண்ணிக்கொள்ளாது.

ஆனாலும் உலோகத்தோடு உலோகம் மோதினால் துள்ளித்தான் அடங்கும். நல்ல சுவிட்சில் இந்த அதிர்வு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். போர்டு பட்டன்களைப் பெரும்பாலும் படம் மாறும் வேகத்திலேயே, அதாவது விநாடிக்குச் சுமார் 60 முறை பார்க்கிறது. இரண்டு பார்வைக்கு நடுவே ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி இடைவெளி. அதிர்வு அதற்குள் அடங்கிவிடுவதால் ஒரு அமுக்கல் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. பட்டை தளர்ந்து அதிர்வு நீண்டால் ஒரு அமுக்கல் இரண்டாகலாம். முஸ்தபாவில் ஒரு குத்து விட நினைத்தால் இரண்டு குத்து விழும்.

பட்டை எப்படித் தளர்கிறது? உலோகத்தை உடைக்கப் போதாத விசையும், லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகளை வைத்து இந்த உலோகக் களைப்பை முறையாக ஆராய்ந்தார். ரயில் அச்சுக்கும் நகத்தளவுப் பட்டைக்கும் விதி ஒன்றே. களைத்த பட்டையை வளைத்து நேராக்கிப் பயன்படுத்த முடியாது. ‘டக்’ ஒலி மந்தமாகிவிட்ட மைக்ரோ சுவிட்சை மாற்றுவதே சரி. அப்படி மாற்ற வேண்டும் என்றே அது இரண்டு திருகில் உட்காரும்படியும், ஒயர்கள் செருகிக் கழற்றும்படியும் செய்யப்பட்டிருக்கிறது.

அவசரத்துக்குப் புதிய சுவிட்ச் கையில் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. முஸ்தபா பெட்டியில் களைத்த வலப்பக்கச் சுவிட்சையும் குறைவாக உழைத்த மேல்பக்கச் சுவிட்சையும் இடம் மாற்றிப் பொருத்தலாம். தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்த வழி தெரியும்.

தொட்டும் தொடாமலும்

தொடுமுனையில் தடை ஏன் ஏறுகிறது? இதைப் புரிந்துகொள்ள, இரண்டு உலோகங்கள் ‘தொடுகின்றன’ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பரப்புகள் சேரும்போது சில மேட்டு நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. ஸ்வீடனில் பிறந்து பெர்லினில் சீமென்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ராக்னர் ஹோல்ம் இதைத் தன் வாழ்நாள் ஆய்வாக்கினார். மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கிறது. தொடுமுனைத் தடை அந்த நெருக்கத்தில் பிறக்கிறது.

அந்தப் புள்ளிகள் மேல் ஒரு படலம் படிந்துவிட்டால் கதை மாறும். வெள்ளித் தொடுமுனைகள் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து கறுக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பது இதே வினைதான். வீட்டு மின்சாரத்தில், அதிக மின்னோட்டத்தில், பிரியும்போது எழும் சிறு பொறி அந்தக் கறுப்பை எரித்துத் தள்ளிவிடும். கேம் பெட்டியிலோ 5 வோல்ட், சில மில்லி ஆம்பியர் மட்டும். படலத்தை உடைக்க அதற்குப் பல நேரம் வலு போதாது.

பழுதுபார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. எலக்ட்ரிக் கடையில் ‘250 வோல்ட், 10 ஆம்பியர்’ என்று அச்சிட்ட மைக்ரோ சுவிட்ச் கிடைக்கும். எண் பெரிதாக இருப்பதால் உறுதியானது என்று வாங்கிப் போட்டால், சில மாதத்தில் பட்டன் விட்டு விட்டுப் பிடிக்கும். அந்தச் சுவிட்சில் குறையில்லை. அது பெரிய மின்னோட்டத்துக்காகச் செய்த வெள்ளி முனைச் சுவிட்ச். சிறு மின்னோட்டத்துக்கு என்று தங்கமுலாம் பூசிய முனைகளோடு தனி வகை உண்டு. தங்கம் கறுக்காது, அதனால் படலம் சேராது. வாங்கும்போது அமுக்கு விசையையும் பார்க்க வேண்டும். சில பத்து கிராம் விசையில் இயங்க வேண்டிய பட்டனுக்குக் கடினமான சுவிட்சைப் போட்டால் அரை மணி நேரத்தில் ஆடுகிறவரின் விரல் வலிக்கும்.

மைக்ரோ சுவிட்சுக்கு முந்தைய பெட்டிகளில் இலைச் சுவிட்ச் இருக்கும். இரண்டு நீண்ட உலோக இலைகள், நுனியில் தொடுமுனைகள், நடுவே சிறு இடைவெளி. ‘டக்’ ஒலி இல்லாமல் மென்மையாகப் பிடிக்கும். இதைத் திறக்காமலே பார்க்கலாம், சுத்தம் செய்யலாம், இலையை மெல்ல வளைத்து இடைவெளியைச் சரிசெய்யலாம். ஆனால் உப்புத்தாளோ அரமோ கொண்டு தேய்க்கவே கூடாது. தேய்த்தால் முலாம் போய்விடும். அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும், ஆனால் அடியிலுள்ள உலோகம் வெளிப்பட்டு முன்பைவிட வேகமாகக் கறுக்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டை இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து, விரலால் லேசாக அழுத்தி இழுத்தால் போதும். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும் வரை இழுக்கலாம். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்கக் கூடாது. அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டி, அதுவே புதிய படலமாகிவிடும்.

தளர்ந்த ஜாய்ஸ்டிக்

சுவிட்சுகள் நலமாக இருந்தும் ஜாய்ஸ்டிக் ‘லூஸாக’ இருக்கலாம். பிடியை அசைத்தால் ஒரு தூரம் வரை ஒன்றும் நடக்காது, அதற்குப் பிறகுதான் வீரன் நகர்வான். இது இயந்திரத் தேய்மானம்.

ஜாய்ஸ்டிக்கைக் கழற்றுவோம். அடியில் ஒரு சிறு பிளவு வளையம் தண்டைப் பிடித்திருக்கும். அதை எடுத்தால் வாஷர், ஸ்பிரிங், சுவிட்சுகளை உதைக்கும் பிளாஸ்டிக் உருளை, தண்டு சாய்ந்தாடும் கிண்ணம் என்று வரிசையாகக் கழன்று வரும். தண்டு எஃகு. உருளையும் கிண்ணமும் நைலான் அல்லது அசிட்டல் பிளாஸ்டிக். தேய்ந்திருப்பது ஏறக்குறைய எப்போதும் பிளாஸ்டிக்தான்.

1953-இல் ஆர்ச்சர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தேய்மானத்துக்கு ஓர் எளிய விதியை முன்வைத்தார். இழக்கும் பொருளின் அளவு, அழுத்தும் விசைக்கும் உரசும் தூரத்துக்கும் நேர்விகிதம். பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதம். இரண்டு மடங்கு விசை என்றால் இரண்டு மடங்கு தேய்மானம். விதி எளிதுதான், ஆனால் ஜாய்ஸ்டிக்கில் அது ஒரு சுழலை உண்டாக்குகிறது. தேய்ந்தால் தளர்வு வருகிறது. தளர்வு வந்தால் வீரன் உடனே நகர்வதில்லை. நகராவிட்டால் ஆடுகிறவர் இன்னும் பலமாகத் தள்ளுகிறார். பலமாகத் தள்ளினால் இன்னும் வேகமாகத் தேய்கிறது. கொஞ்சம் தளர்ந்த ஜாய்ஸ்டிக் சீக்கிரமே முழுதும் போய்விடுவது இதனால்தான். சீக்கிரம் கவனித்தால் ஒரு வாஷரில் முடியும் வேலை, தள்ளிப்போட்டால் முழு மாற்றத்தில் போய் நிற்கும்.

வீரபாண்டித் திடலின் புழுதி இதில் தன் பங்கைச் செய்யும். மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் சாதாரண எஃகையே கீறும் அளவுக்குக் கடினமானவை. நல்லது செய்வதாக நினைத்து ஜாய்ஸ்டிக் கிண்ணத்தில் தாராளமாக கிரீஸ் பூசினால், புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். கிரீஸும் குவார்ட்ஸும் சேர்ந்தால் லேத் பட்டறையில் உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றப் பயன்படும் பசையைப் போன்ற ஒன்று உருவாகிவிடும். முதலில் பழைய கிரீஸை முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை, பரப்பு மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். வழிந்து நிற்கும் கிரீஸ் புழுதிக்கு விரித்த பாய்.

அடித்தட்டில், தண்டு சாயும் திசைகளை வரையறுக்கும் வழிகாட்டித் தகட்டையும் கவனிக்க வேண்டும். பேக்-மேனுக்கு நான்கு திசை போதும். மூலைவாட்டில் தள்ள முடிந்தால் ஆட்டம் குழம்பும். முஸ்தபாவுக்கு எட்டுத் திசையும் வேண்டும். தகட்டைத் திருப்பிப் போட்டால் பல ஜாய்ஸ்டிக்குகள் நான்கிலிருந்து எட்டுக்கு மாறும். பழுது என்று வந்த பெட்டிகளில் சிலவற்றுக்குத் தேவைப்படுவது இந்தத் திருப்பல் மட்டுமே.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய பெட்டியின் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கும். ஜாய்ஸ்டிக் பழுதுக்கு அந்தப் பக்கம் போகும் தேவையே இல்லை. ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பொருத்திய கைப்பலகையை மட்டும் தூக்கி வேலை செய்யுங்கள்.

குமிழும் பந்தும்

எல்லா ஆட்டமும் சுவிட்சில் நடப்பதில்லை. அடாரி நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் உருவாக்கி 1972-இல் வெளிவந்த ‘பாங்’ ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு குமிழ் மட்டுமே இருந்தது. அதற்கு அடியில் ரேடியோ மெக்கானிக்குகள் ‘வால்யூம் கன்ட்ரோல்’ என்று அழைக்கும் அதே பாகம்: ஒரு கார்பன் தடம், அதன் மேல் வழுக்கும் உலோக விரல். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரவென்று கேட்பது, அந்தத் தடத்திலிருந்து தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூளால். கேம் பெட்டியில் அதே கரகரப்பு திரையில் பந்தை அடிக்கும் மட்டையின் நடுக்கமாகத் தெரியும். டிஜிட்டல் சுவிட்ச் தன் தேய்மானத்தை எல்லை வரை மறைத்ததைப் பார்த்தோம். அனலாக் குமிழ் எதையும் மறைப்பதில்லை. தேய்மானம் தொடங்கிய நாளிலிருந்தே திரையில் காட்டிவிடும்.

கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் செலுத்தி, குமிழை முனைக்கு முனை பலமுறை திருகினால் தூள் விலகும். தடமே தேய்ந்து பள்ளமாகிவிட்டால் புதியதுதான் வழி. புதியதை வாங்கும்போது தடையின் அளவு மட்டும் பொருந்தினால் போதாது. ஒலிக்காகச் செய்த குமிழ்களில் தடை சீராக ஏறாது. ஆட்டத்துக்குச் சீராக ஏறும் வகை வேண்டும். தவறாகப் போட்டால் மட்டை ஒரு பக்கம் ஊர்ந்து மறுபக்கம் பறக்கும்.

தேய்மானத்தை முற்றிலும் தவிர்க்க முயன்ற ஒரு வழியும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் கனடா கடற்படையின் ‘டேட்டார்’ திட்டத்தில், ரேடார் திரையில் குறியை நகர்த்த பவுலிங் ஆட்டத்தின் சிறிய பந்து ஒன்றை உருட்டினார்கள். அந்த யோசனை அடாரியின் ‘மிசைல் கமாண்ட்’ (1980), ‘சென்டிபீட்’ (1981) ஆட்டங்களில் லட்சக்கணக்கான கைகளுக்கு வந்து சேர்ந்தது. பந்து இரண்டு உருளைகளைச் சுழற்றும். உருளையின் முனையில் பல் வெட்டிய சக்கரம். அதன் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் இரண்டு ஒளி உணரிகள். சக்கரத்தின் பற்கள் ஒளியை மறைத்து மறைத்துத் திறக்க, போர்டு அதை எண்ணும். இரண்டு உணரிகளும் சற்றுத் தள்ளி இருப்பதால், எது முதலில் இருண்டது என்பதை வைத்துத் திசையும் தெரிந்துவிடும். எண்ணும் இடத்தில் உரசலே இல்லை.

இதில் பழுது கண்டுபிடிப்பதே ஒரு நல்ல இயற்பியல் பாடம். குறி நகரவே இல்லையென்றால் விளக்கோ ஒயரோ போயிருக்கும். குறி முன்னும் பின்னுமாக ஒரே இடத்தில் துடித்தால் இரண்டு உணரிகளில் ஒன்று மட்டும் குருடாகியிருக்கும். ஒற்றை உணரியால் அசைவை அறிய முடியும், திசையை அறிய முடியாது. அதனால் போர்டு ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டே இருக்கும். பல நேரம் உணரியின் கண்ணில் அப்பிய தூசியை ஒரு பட்ஸால் துடைத்தாலே பார்வை திரும்பிவிடும்.

ஒளி உணரி தேயாது. ஆனால் உருளையின் பேரிங் தேயும். உருளைகளில் வியர்வையும் தூசியும் சேர்ந்து வளையமாகப் படியும். தொடுகை இருக்கும் இடத்துக்குத் தேய்மானம் நகர்ந்ததே தவிர மறையவில்லை.

எது தேய வேண்டும்?

கேப்காம் 1987-இல் வெளியிட்ட முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பெட்டியின் ஒரு வகையில், ஆடுகிறவர் அடிக்கும் பலத்தை அளக்கும் பெரிய காற்றழுத்தப் பட்டன்கள் இருந்தன. மெல்லத் தட்டினால் மெல்லிய அடி, ஓங்கி அறைந்தால் பலத்த அடி. இந்த அமைப்பு ஆடுகிறவரை ஓங்கி அறையச் சொன்னது. ஆர்ச்சர்ட் விதியையும் வோலர் கண்ட உலோகக் களைப்பையும் ஒன்றாக அழைத்து உட்கார வைத்த மாதிரி. விரைவிலேயே சாதாரணப் பட்டன்கள் ஆறு அதன் இடத்தைப் பிடித்தன. மெல்லிய அடிக்கு ஒன்று, நடுத்தர அடிக்கு ஒன்று, பலத்த அடிக்கு ஒன்று என்று குத்துக்கும் உதைக்கும் தனித்தனியாக. 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அந்த ஆறு பட்டன் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. பலத்தை அளக்கும் வேலையை உடைகிற பாகத்திடமிருந்து எடுத்து, ஆடுகிறவரின் தேர்வுக்கு மாற்றியதுதான் தீர்வு.

எஃகுத் தண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்த ஜாய்ஸ்டிக்கிலும் இதே சிந்தனை இருக்கிறது. கிண்ணத்தையும் எஃகில் செய்தால் அது தேயாது, ஆனால் தண்டு தேயும். தண்டுக்கு விலை அதிகம், செய்வதும் கடினம். ஆகவே மலிவான, எளிதில் மாற்றக்கூடிய பாகத்தை மென்மையாக வைத்து, தேய்மானத்தை அதன் மேல் சுமத்துகிறார்கள். ராட்டினத்தின் எஃகு அச்சுக்குக் கன்மெட்டல் புஷ் போடுவதும் இதே காரணத்தால்தான். புஷ் தேயும், அச்சு பிழைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில், தேயும் பாகத்தை மாற்றி மற்றதைக் காக்கும் கைத்திறன் புதிதல்ல. தையல் மெஷின் பழுது பார்க்கிறவர்களும், மோட்டார் காயில் கட்டுகிறவர்களும், லேத் பட்டறைக்காரர்களும் தினமும் இதைத்தான் செய்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜாய்ஸ்டிக்கின் கிண்ணம் கடையில் கிடைக்காமல் போகலாம். அளவெடுத்துக் கொடுத்தால் நைலான் ராடிலிருந்து கடைந்து தர ஒரு நல்ல லேத்காரரால் முடியும். அளவெடுக்கும்போது தேய்ந்த பக்கத்தை அளக்காமல், தண்டு உரசாத ஓரத்தை அளக்க வேண்டும். செய்தவர் நினைத்த அளவு அங்கேதான் மிச்சமிருக்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சிச் சற்று உப்பும் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் இறுக்கமாகப் பொருத்திய கிண்ணம் ஐப்பசி மழையில் தண்டைப் பிடித்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளி விட வேண்டும், அல்லது ஈரம் குறைவாக உறிஞ்சும் அசிட்டலில் கடைய வேண்டும்.

தேயாத பாகம் செய்துவிடலாம் என்ற ஆசை நம் எல்லோருக்கும் வரும். தேய்ந்த பிளாஸ்டிக்கைக் கண்டதும் ‘இரும்புலயே போட்டுடலாம்’ என்று தோன்றும். அந்த ஆசைக்கு இணங்கினால், வருடக்கணக்கில் காப்பாற்றப்பட்ட தண்டைப் பலி கொடுத்துவிடுவோம். தேய்வதற்கென்று ஒரு பாகத்தை ஒதுக்கியவரின் அறிவை நாம் புரிந்துகொள்ளாமல் செய்யும் பழுதுபார்ப்பு, பழுதை இடம் மாற்றும் வேலையாகவே முடியும்.

வேலை முடிந்ததும் கழற்றிய மூலப் பாகங்களை ஒரு பையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே கட்டி வையுங்கள். அடுத்து அளவெடுக்கிறவருக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. கைப்பலகையின் உட்புறத்தில் அழியாத மையில் தேதி, மாற்றிய பாகம், சுவிட்ச் வகை, ஓம் அளவு நான்கையும் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே சுவிட்சை அளந்து, இந்த வருட எண்ணோடு ஒப்பிட்டால், தேய்மானம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். டிஜிட்டல் சுற்று மறைத்ததை அந்த இரண்டு எண்கள் வெளியே கொண்டுவரும். பெட்டி நிற்பதற்கு முன்பே எதை மாற்ற வேண்டும் என்று சொல்லவும் முடியும்.